வண்டியா, கத்தியா?

மண்டோர் ரெங்கன் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். பழத்துக்குக் குங்குமம் தடவியாகிவிட்டது. சூடம் ஏற்றியாகிவிட்டது. பழத்தை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

கோலாலம்பூரில், ஊர் நடுவே இருந்த பெரிய திடலின் ஓரத்தில், அதைப் பராமரிக்கிற எங்கள் கொட்டகை. அன்று ஆயுத பூசை. வெட்டின புல்லின் பச்சை வாடை, பெட்ரோல் வாடை, சாம்பிராணி வாடை மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இடப்பக்கம் விரித்திருந்த ஒரு கித்தானில் புல் கத்திகள், மண்வெட்டிகள், அரங்கள், சாணைக்கல் எல்லாம் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. வலப்பக்கம் ஒரு லோரி, ஒரு ரோட்டு ரோலர், இரண்டு மாட்டு வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல், பச்சைச் சாயம் பூசிய அது நின்றது.

"கிராணி ஐயா, இத எந்தப் பக்கம் சேக்கிறது? சொன்னீங்கன்னா வேலையப் பாப்பேன்லா. பொகை எல்லாம் என் கண்ணுக்குள்ளதான் போகுது" என்றார் மண்டோர். மண்டோர் என்றால் கூலியாட்களின் மேலாள். கிராணி என்றால் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா நான்தான்.

கத்தி, மண்வெட்டி என்றால் அன்று அதற்கு ஓய்வு. பொட்டு வைத்துப் படுக்கவைத்துவிட வேண்டும், யாரும் தொடக்கூடாது. வண்டி என்றால் அன்று அது ஓடியே ஆக வேண்டும். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். எங்கள் கொட்டகையில் இது எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களை யாரும் மதிக்காத இடத்தில் எழுதாத சட்டங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அன்று அந்தச் சட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வந்திருந்தார். தூரத்து மழைமரத்தடியில், ரயில்வே தொப்பியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் பெருமாள், ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிச் சேர்க்கும் ஷண்டிங் இன்ஜினின் டிரைவர். தன் மூத்த மகளை ஒருவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்த எலுமிச்சம்பழத்தை வைத்து முடிவு செய்யலாம் என்று வந்திருந்தார்.

பூட்ஸ் போட்ட மாடுகள்

அது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு புல் வெட்டும் இயந்திரம். இப்போது இதில் அதிசயம் ஒன்றுமில்லை. போன வாரம்கூட எங்கள் தெரு முனை மைதானத்தில் ஒரு பையன் அப்படி ஒன்றில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே போனான். "இதுக்கு என்ன பேருப்பா?" என்று கேட்டேன். "மிஷின் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயத்துக்கு நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த மிஷின் வருவதற்கு முன்னால் திடலில் புல் வெட்டியது மாடு. அதாவது, பெரிய உருளைக் கத்தி ஒன்றை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் எங்கள் மாட்டுக்காரப் பையன் வீராசாமி நடந்து போவான். குளம்பு பதிந்தால் புல்தரை கெட்டுப்போகும் என்று மாடுகளுக்குத் தோல் பூட்ஸ் மாட்டியிருப்பார்கள். காலுக்கு ஒன்றாக, ஆளுக்கு நான்கு. காலையில் வீராசாமி மண்டியிட்டு எட்டுக் கால்களுக்கும் வார் இழுத்துக் கட்டுவதைப் பார்க்கப் பாதையில் போகிறவர்கள் நிற்பார்கள்.

"நம்ம காலுல செருப்பு இல்ல, மாட்டுக்கு பூட்சு" என்பார் மண்டோர். அதைச் சொல்லிவிட்டுத் தம்முடைய கால்களைப் பார்த்துக்கொள்வார். பிறகு யாராவது சிரித்தார்களா என்று பார்ப்பார். தினமும் சொல்வார்.

அந்த மாடுகளுக்குப் பதிலாகத்தான் கப்பலேறி மிஷின் வந்தது. முன்னால் புல் விழுகிற பெட்டி, அதன் பின்னால் சுழலும் கத்தி, அதன் பின்னால் ஒரு கனத்த உருளை, உருளைக்கு மேல் இன்ஜின். அதோடு முடிந்தது மிஷின். உட்காரும் இடம் மிஷினிலேயே கிடையாது. பின்னால் தனியாக ஒரு சின்ன உருளை, அதன்மேல் ஓட்டை போட்ட இரும்பு இருக்கை. அதை மிஷினோடு ஒரு கம்பியால் கோத்திருந்தார்கள். கலப்பைக்கு இருப்பதுபோல் இரண்டு நீளக் கைப்பிடிகள் பின்னோக்கி வரும். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் இழுபட வேண்டும்.

அவன் மிஷினை ஓட்டுகிறானா, மிஷின் அவனை இழுத்துக்கொண்டு போகிறதா? முதல் நாளே எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. எனக்கு இப்படிப்பட்ட சந்தேகங்கள்தான் வரும். அலுவலக வேலை பற்றிச் சந்தேகம் வந்ததாக நினைவில்லை.

ஓட்ட ஆள் தேடியபோது சூப்பிரண்டு துரை எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். ஈரத்தரையில் இருக்கை அமுங்கக்கூடாது என்பதால் இருப்பதிலேயே ஒல்லியான ஆள் வேண்டும். வீராசாமி தேர்வானான். உண்மையில் நானே அவனைவிட ஒல்லி. ஆனால் குமாஸ்தாவை யாரும் எடை போடுவதில்லை.

ஆளுக்கு ஒரு பேர்

மிஷின் வந்த வாரத்திலேயே அதற்குப் பெயர்கள் முளைக்கத் தொடங்கின.

வாசல் காவலுக்கு இருந்த மலாய்க்காரர் அதைக் 'கெரெத்தா ரும்புட்' என்றார். புல் வண்டி. பழுது பார்க்க வந்த சீன மெக்கானிக் அதன் இருமலை மட்டும் செய்து காட்டுவார், அதுவே பெயர். சூப்பிரண்டு துரை இங்கிலீஷில் அதை 'அவள்' என்றுதான் குறிப்பிடுவார். "இன்று அவள் எப்படி இருக்கிறாள்?" என்று காலையில் கேட்பார். என் மனைவியைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திடல் ஓரங்களைக் கையால் வெட்டுகிற பெண்கள் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் வைத்த பெயர் 'பணக்கார வீட்டு மருமக'.

"ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன தம்பி? காலையில எண்ணெ ஊத்தி எழுப்பணும். வெயிலு ஏறினா மூச்சு வாங்கும். மழை தூறினா வீட்டுக்குள்ள போயிரும். சத்தம் மட்டும் ஊருக்கே கேக்கும். அது போனப்புறம் மூலை முடுக்கெல்லாம் நாங்க கூட்டணும்."

எனக்கு அது நியாயமான பெயராகவே பட்டது.

இந்த நிலையில், திடலில் நடப்பவர்களை எச்சரிக்க மூன்று மொழிகளில் ஒரு பலகை வைக்கும்படி துரை உத்தரவிட்டார். தமிழ்ப் பலகை என் பொறுப்பு. நான் அந்தக் காலத்தில் கையில் கிடைத்த நிகண்டையெல்லாம் தின்று கொழுத்திருந்தேன். இரண்டு நாள் யோசித்து, 'தானியங்கு புற்கொய் பொறியூர்தி வருகின்றமையின் விலகி நிற்க' என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்து வரைபவர் பாவம், பலகையின் பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.

மண்டோர் பலகை முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "கிராணி ஐயா, இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள மிஷின் கால்மேல ஏறிடும்" என்றார். அந்தப் பலகையைப் பிறகு மாட்டுக் கொட்டகைக்குக் கதவாகப் போட்டார்கள். நான் எழுதியவற்றிலேயே நீண்ட நாள் பயன்பட்டது அதுதான்.

வீராசாமி மட்டும் அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. இருக்கை வெயிலில் கொதிக்கும் என்று ஒரு சாக்கை நான்காய் மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவான். பார்வை எதிர் ஓரத்திலே இருக்கும். அவன் போன தடம் இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும்.

பெண் கேட்ட கதை

சென்ற வாரங்களில் நான் எழுதிய பிரிக்பீல்ட்ஸ் அறை உங்களுக்கு நினைவிருக்கும். ரயில்வே குடியிருப்பை ஒட்டிய தெரு, ஒரு சன்னல், ஒரு கட்டில், கட்டிலுக்குள் எனக்கு முந்தியே குடியிருந்த மூட்டைப்பூச்சிகள். அந்தச் சன்னலுக்கு நேரே வேலிக்கு அப்பால் பெருமாள் வீடு. ரயில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பது அங்கே கடிகாரம் இல்லாமலே தெரியும். தட்டில் இருக்கும் அப்பளம் நடுங்கும்.

பெருமாளின் மகள் கமலம் திடலைத் தாண்டி ஒரு தையல் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். போகும்போதும் வரும்போதும் மிஷின் சத்தம். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பது மனித இயல்பு. அவள் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் வீராசாமியின் இஸ்திரித் தடம் மட்டும் ஓர் இடத்தில் லேசாக நெளிந்திருக்கும். நான் மாடி அலுவலகத்திலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கத்தான் போலிருக்கிறது.

வீராசாமிக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் மண்டோர் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பெண் கேட்க வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டது.

"பையன் என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்றார் பெருமாள்.

"திடல்ல மிஷின் ஓட்டுறான்."

"என்ன மிஷின்?"

"புல்லு வெட்டுற மிஷின்."

"அப்ப வெட்டுறான்னு சொல்லுங்க."

"உக்காந்து வெட்டுறான் அண்ணே."

"என் வீட்டுக்காரிகூடத்தான் அருவாமனையில உக்காந்து வெட்டுறா. அவள டிரைவர்னு கூப்பிடவா?"

உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பெருமாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. எங்கப்பன் எஸ்டேட்ல லாலான் புல்லு வெட்டியே முதுகு வளைஞ்சு போனவரு. செத்தப்பகூட நேராப் படுக்க வைக்க முடியல. நான் கரி அள்ளிப் போட்டு, கைய சுட்டுக்கிட்டு, இன்ஜின்ல ஏறினேன். இனிமே எங்க வீட்டுல புல்லுங்கிற பேச்சே கெடயாது. என் பொண்ணு ஓட்டுறவனுக்குத்தான். வெட்டுறவனுக்கு இல்ல."

வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு மண்டோர் திரும்பிவிட்டார். நானும் பல் விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

இதற்கிடையில் கிள்ளானிலிருந்து வேறொரு வரன் வந்திருந்தது. பெருமாளின் மைத்துனர் கிள்ளான் ஸ்டேஷனில் இன்ஜினுக்குக் கரி போடுகிறவர். அவர் கொண்டுவந்தது. மாப்பிள்ளை லோரி டிரைவர், சொந்த லோரி, நாற்பதைத் தாண்டியவர், முதல் மனைவி இறந்து ஒரு வருடம். லோரி என்பது லோரிதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மறுநாள் மாலை பெருமாள் வேலியருகே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மிஷினு, அதுக்கு சக்கரம் எத்தன?"

"சக்கரம் இல்ல அண்ணே. உருளை."

"பிரேக்கு?"

"இல்ல. பிடிய விட்டா நின்னுடும்."

"பின்னால போகுமா?"

"போகாது. இறங்கித் தள்ளணும்."

ஷண்டிங் இன்ஜின் ஓட்டுகிறவருக்கு வாழ்க்கையில் பாதி பின்னால் போவது. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பின்னால போகாதது ஒரு வண்டியா தம்பி? நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க."

நான் படித்தவன் என்பதால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வண்டி என்றால் என்ன, சுமப்பதா, நகர்வதா, ஏறி அமரக்கூடியதா என்று அகராதிகளை மேற்கோள் காட்டி ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் சாப்பிடப் போய்விட்டார்.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கமலம் மட்டும் நின்றாள். "அண்ணே, வண்டின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. அதுல உங்களுக்கு என்ன நட்டம்?" என்றாள். பிறகு, "லோரிக்காரருக்குப் பல்லு செட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றிரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த வாரம் ஆயுத பூசை. கொட்டகையில் ஒரு சட்டம் இருக்கிறது. அது என் வாயைவிட நம்பகமானது. காலையில் பெருமாளிடம் சொன்னேன். "நாங்க யாரும் சொல்ல வேணாம் அண்ணே. பூசையன்னிக்கு வந்து உங்க கண்ணால பாருங்க. வண்டியோட நிக்குதா, கத்தியோட படுக்குதான்னு."

அவர் கொஞ்சம் யோசித்து, "சாமி முன்னால நடக்கிறது. சரி" என்றார்.

எலுமிச்சம்பழம் என்ன சொல்லிற்று

ஆகவே, மண்டோர் பழத்தோடு என் முகத்தைப் பார்த்தபோது நான், "வண்டிதான் மண்டோரே. பழத்த வைங்க" என்று பெருமாளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"சக்கரம் இல்லியே?"

"ரோட்டு ரோலருக்கும் உருளைதானே? அதுக்கு வச்சீங்கல்ல?"

"அட, ஆமால்ல" என்று மண்டோர் மகிழ்ச்சியோடு குனிந்து மிஷினுக்கு முன்னால் பழத்தை வைத்தார்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தவறு செய்தோம். லோரிக்கு முன்னால் வருவது சக்கரம். ரோலருக்கு முன்னால் வருவது உருளை. இந்த மிஷினிலோ, தரையைத் தொடாத பெட்டிக்கு அடுத்தபடி, உருளைக்கு முன்னால் வருவது கத்தி. தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பூசை என்றால் மனம் பழக்கத்தில் போய்விடுகிறது.

வீராசாமி வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, சாக்கு மடிப்பின்மேல் உட்கார்ந்தான். இன்ஜின் இருமிற்று. மண்டோர் சூடத்தட்டைக் காட்டினார். மிஷின் நகர்ந்தது.

'சரக்' என்று ஒரு சத்தம். நசுங்குகிற சத்தம் அல்ல. புல் பெட்டிக்குள் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. வீராசாமி பிடியை விட்டான். எல்லோரும் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். பழம் மெல்லிய வில்லைகளாக, ஒரே அளவில், அழகாகக் கிடந்தது.

"உப்பு மட்டும்தான் கொறச்சல்" என்றாள் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி.

சிரிப்பு அடங்குவதற்குள் பெருமாள் மழைமரத்தடியிலிருந்து வந்துவிட்டார். அவரும் பெட்டிக்குள் பார்த்தார். ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"வண்டின்னா நசுக்கும்" என்றார். "இது வெட்டுது. அவ்வளவுதான் தம்பி, சாமியே சொல்லிருச்சு." வில்லையைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

என் யோசனையால்தான் கமலம் லோரியில் ஏறப்போகிறாள். அன்றே வேலியருகே நானே வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்போது வீராசாமி இருக்கையிலிருந்து இறங்கினான். அவன் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. 'மா' என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டு, "ஐயா" என்றான். "இவ்வளவு தூரம் வந்தீங்க. ஒரு தடவ உக்காந்து பாத்துட்டுப் போங்க."

பெருமாள் நின்றார். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இன்ஜின், காலியாக ஓர் இருக்கை. எந்த டிரைவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியும்? தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சும்மா, இந்த ஓரம் வரைக்கும்" என்றார்.

கோணல்

வீராசாமி பிடிகளைக் காட்டினான். "இதப் புடிச்சா போகும். விட்டா நிக்கும். வளைஞ்சா திருப்பணும்."

"இன்ஜின் எனக்குத் தெரியும்" என்றார் பெருமாள்.

முதல் பத்து கெஜம் ராஜா மாதிரி போனார். முதுகு நேராக, முகம் வானத்தைப் பார்த்தபடி, ஒரு கை பிடியில், ஒரு கை தொடையில். இன்ஜின் டிரைவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் போலிருக்கிறது. பிறகு தரை லேசாகச் சரிந்தது. மிஷின் இடப்பக்கம் ஒதுங்கிற்று. அவர் கவனிக்கவில்லை. அவர் இன்ஜின் இதுவரை ஒதுங்கியதே இல்லை.

"ஐயா, திருப்புங்க!"

அவர் திருப்பினார். அதிகமாகத் திருப்பிவிட்டார். மிஷின் வலப்பக்கம் பாய்ந்தது. மறுபடி இடம். மறுபடி வலம். பின்னால் இருக்கை பாம்பின் வால் மாதிரி ஆடியது. தொப்பி விழுந்தது. திடலின் நடுவில் கயிறு கட்டிக் காத்துவந்த கிரிக்கெட் பிட்ச், துரைமார்கள் செருப்போடு நடக்கக்கூட அனுமதி இல்லாத இடம், மெல்ல மெல்ல அவர் வழிக்கு வந்தது. அல்லது அவர் அதன் வழிக்குப் போனார்.

"விட்டுருங்க! பிடிய விட்டுருங்க!" என்று எல்லோரும் கத்தினோம். வண்டி தறிகெட்டு ஓடும்போது டிரைவர் கையை விடுவதாவது? அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். காலால் பிரேக்கைத் தேடினார். காலுக்குக் கீழே புல்தான் இருந்தது.

கயிறு கத்தியில் சுற்றிக்கொண்டது. மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பி, கத்தி தரையில் புதைந்து, பாய் அகலத்துக்குப் பிட்சைப் பெயர்த்தெடுத்துவிட்டு நின்றது. ஓடிவந்த வீராசாமி பெருமாளைக் கையைப் பிடித்து இறக்கினான். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. திரும்பித் தாம் வந்த தடத்தைப் பார்த்தார். புழு ஊர்ந்தது மாதிரி இருந்தது. பக்கத்திலேயே நேற்று வீராசாமி வெட்டிய தடங்கள் வரிசையாகக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பிரண்டு துரை பூசைக்கு வந்தார். வருடா வருடம் வருவார். வாசலிலேயே மண்டோரின் ஆட்கள் மாலை போட்டுவிட்டிருந்தார்கள். மதியம் அந்தப் பிட்சில் ஒரு கிரிக்கெட் பந்தயம் இருந்தது. கழுத்தில் சாமந்தி மாலையும் நெற்றியில் சந்தனமுமாக ஒரு வெள்ளைக்காரர் அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

யார் செய்தது என்று மலாயில் கேட்டார்.

"சாயா, துவான்" என்றான் வீராசாமி. நான்தான் ஐயா. ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

பெருமாள் குனிந்து தொப்பியை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. வீராசாமிக்கு முன்னால் வந்து நின்றார். "புக்கான் தியா, துவான். சாயா பாவா" என்றார். அவனில்லை, ஓட்டினது நான்.

துரை என்னிடம் இங்கிலீஷில், இந்த மனிதர் யார் என்று கேட்டார். ரயில்வே இன்ஜின் டிரைவர் என்றேன். துரை அவருடைய சட்டைப் பித்தான்களைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். பிறகு கொட்டகையிலிருந்து பிட்ச் வரை நெளிந்து வந்த தடத்தைப் பார்த்தார். கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ சொன்னார்.

"என்ன தம்பி சொல்றாரு?" என்றார் பெருமாள்.

நான் தமிழில் சொன்னேன். "உங்க பையனக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களாம். ஒரு இன்ஜின் டிரைவரால இவ்வளவு கோணலா ஓட்டவே முடியாதாம்."

பெருமாள் தலை குனிந்து நின்றார். மறுபடி சொல்லிப் பார்த்தார், "சாயா, துவான்." துரை அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அப்பால் போய்விட்டார். நானும் என் பங்குக்கு இங்கிலீஷில் சொன்னேன். என்னை யாரும் தோளில்கூடத் தட்டவில்லை.

வீராசாமியை மிஷினிலிருந்து இறக்கி மறுபடி மாடுகளோடு விட்டார்கள். வளைந்த கத்திக்குப் பதில் கத்தி கப்பலில் வரவேண்டும், அது வரும்வரை மிஷினுக்கும் கொட்டகைதான்.

பந்தயம் வேறு திடலுக்குப் போனது.

பிரிக்பீல்ட்ஸ் வரை

பெருமாளும் நானும் நடந்தே திரும்பினோம். ஆற்றங்கரையோரமாக அவர் முன்னால் நடந்தார். தொப்பி இன்னும் கையில்தான்.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணே."

"நான் ஒரு தடவகூடத் திருப்பினதில்ல."

"எத அண்ணே?"

"இன்ஜின. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் திருப்பினதில்ல. தண்டவாளம் போட்டவன் திருப்புறான். லைன் மாத்திவிடுற பாயிண்ட்ஸ்காரன் திருப்புறான். நான் முன்னால போறேன், பின்னால வரேன், அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் நடந்தார். "அந்தப் பையன் எதிர்ல எதப் பாத்து ஓட்டுறான்?"

"தெரியல அண்ணே. தூரத்துல எதையோ பாப்பான்."

"நான் வானத்தப் பாத்துட்டேன்" என்றார்.

ஒரு ரயில் போயிற்று. அவர் வழக்கமாக நின்று அதன் நம்பரைச் சொல்வார். அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலி வாசலில் கமலம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னப்பா, வண்டியா கத்தியா?" என்றாள்.

"பழத்த வெட்டிருச்சு" என்றார் அவர். அவள் முகம் விழுந்தது. "மண்டோர நாளைக்கு வரச் சொல்லுங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கிள்ளான் மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், ஆனால் மூக்கு நுனியில் கோபத்தோடு வந்தார். கோயில் மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பெருமாளுக்குப் பக்கத்தில் மோர் வாளியோடு நின்றேன். மைத்துனர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தார்.

"ஏன் மச்சான், மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"டிரைவர்" என்றார் பெருமாள்.

"டிரைவரா? நேத்து திடல் பக்கமா வந்தேன். மாட்டுக்கு பூட்சு மாட்டிக்கிட்டு இருந்தாரே?"

"மிஷினு ரிப்பேர். கத்தி கப்பல்ல வருது."

"என்ன மிஷினு அது? காரா, லோரியா? பேரு ஒண்ணு இருக்கணும்ல?"

பந்தியில் அக்கம்பக்கம் காதுகள் நீண்டன. நிகண்டு படித்த என் வாய்க்குள் 'தானியங்கு புற்கொய்' என்று ஒன்று எழுந்தது. மோர் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தண்டவாளம் இல்லாத வண்டி" என்றார் பெருமாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா, நீயும் நானும் ஓட்டினா கோணலாப் போகும். அவரு ஓட்டினா நேராப் போகும்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி மைத்துனரின் இலையில் மோர் ஊற்றினார்.